சத்தமில்லாத பூட்டு

வடதுருவத்துக்குப் பக்கத்தில், உறைகிற கடலோரம் இருக்கிற எங்கள் ஊரில் எழுபத்தொரு பேர் இருக்கிறோம். துப்பாக்கிகள் அதைவிடக் கொஞ்சம் அதிகம். வாங்கின துப்பாக்கியை வாங்கினபடி வைத்துக்கொள்ளத் தெரியாத ஆள் மட்டும் ஒருத்தர்தான். அவர் என் அப்பா மாசாவுனா.

கப்பலில் வந்த பெட்டியைக் கடையில் பிரித்து அவர் கையில் கொடுத்தால், அன்று சாயங்காலத்துக்குள் அது எங்கள் சமையலறை மேசைமேல் பதினேழு துண்டாகக் கிடக்கும். முதல் வேலை பெட்ரோலில் போட்டுக் கழுவுவது. தொழிற்சாலைக்காரன் தடவி அனுப்புகிற எண்ணெய் எங்கள் குளிரில் கோந்தாகிவிடும். அது எல்லாரும் செய்வதுதான். அப்பா அதோடு நிறுத்தமாட்டார். ஒவ்வொரு துண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே தீர்ப்பைச் சொல்வார்.

"இதச் செஞ்சவன் ஜென்மத்துல கையுறை போட்டதில்ல."

கையுறை விரல் நுழையும்படி விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தை வெளியே வளைப்பார். விரல் தவறிப் பட்டால் வெடிக்காமலிருக்கப் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டு இருக்குமே, கடுகளவு குமிழ், அதைத் தோல் கையுறையோடு தள்ள முடியாது. அதற்கு ஒரு கரண்டிக் காம்பை வெட்டிப் பற்றவைத்து நீளமாக்குவார். எங்கள் வீட்டில் காம்பில்லாத கரண்டி மூன்று உண்டு. விருந்தாளிகளுக்கு அவற்றைக் கொடுப்பதில்லை.

அப்பாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வயது ஐம்பத்திரண்டு. பன்னிரண்டு வயதிலிருந்து வேட்டை. நடுவில் ஒருமுறை டவுனில் மீன் தொழிற்சாலை வேலைக்குப் போய் பதினோரு நாள் இருந்தார். ஏன் வந்துவிட்டாய் என்று கேட்டதற்கு, "கூரை தாழ்வா இருந்துச்சு" என்றாராம். அம்மா பிப்பாலுக்கின் தையல் மெஷினைப் பழுதுபார்க்கிறேன் என்று அவள் வீட்டுக்குப் போய்வந்து போய்வந்துதான் கல்யாணம் ஆனது. மெஷின் இன்னும் சரியாகவில்லை. நானும் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய் மூன்று மாதத்தில் திரும்பியவள்தான். வீட்டு ஞாபகம் என்று எல்லாரிடமும் சொன்னேன். விடுதிக்காரம்மாவின் கட்டிலுக்கடியில் நான் வைத்த காய்ந்த மீனைப் பற்றி ஊரில் யாரும் கேட்கவில்லை.

இது நடந்தது எனக்குப் பதினான்கு வயதில், பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று சர்ச்சில் ஏற்றுக்கொள்கிற உறுதிபூசுதல் சடங்கு எனக்கு நடந்த வசந்தத்தில். அந்த ஞாயிற்றுக்கிழமை மொத்த ஊரும் வீட்டுக்கு வரும். காலையில் தொடங்கி ஒரு கூட்டம் எழுந்தால் அடுத்த கூட்டம் உட்கார்ந்து காப்பியும் கேக்கும் கறியும் சாப்பிடும். கேக்கை யார் வேண்டுமானாலும் செய்யலாம். காப்பி கடையில் கிடைக்கும். நடுவில் வைக்கிற சீல் கறி, அதாவது கடல்நாய்க் கறி மட்டும் பிள்ளையின் அப்பா அடித்ததாக இருக்க வேண்டும். சட்டமெல்லாம் இல்லை. ஆனால் வேறு மாதிரி நடந்து நான் பார்த்ததில்லை.

மே மாதம் சீல்கள் உறைந்த கடல்மேல் ஏறி வெயிலில் படுத்துக்கொள்ளும். ஒரு நிமிஷம் தூங்கும், தலையைத் தூக்கி நாலு பக்கமும் பார்க்கும், மறுபடி தூங்கும். பக்கத்திலேயே அதன் ஓட்டை. சந்தேகம் வந்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். வேட்டைக்காரன் ஒரு குட்டிச் சறுக்குவண்டியில் வெள்ளைத் துணித் திரை கட்டி, அதில் துப்பாக்கியைப் பொருத்தி, பின்னால் வயிற்றால் ஊர்ந்து தள்ளிக்கொண்டு போவான். அது தூங்கும்போது இவன் போக வேண்டும். அது பார்க்கும்போது இவன் பனிக்கட்டியாக வேண்டும்.

அப்பா அந்த மாதம் ஆறு தடவை போனார். ஆறு தடவையும் கல்லெறி தூரம் வரை போனார். ஆறு தடவையும், சுடப்போகிற நேரத்தில், சீல் தலையைத் தூக்கியது, போய்விட்டது.

இதை நான் யார் சொல்லியும் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் ஊரில் எல்லாச் சமையலறை ஜன்னலிலும் ஒரு பைனாகுலர் தொங்கும். அப்பா வெறுங்கையோடு திரும்பிவந்து வண்டி இழுக்கிற நாய்களை அவிழ்க்கும்போது வீடு வீடாகக் கண்ணாடிக்குப் பின்னால் எல்லாரும் வேறெதையோ பார்க்கத் தொடங்குவார்கள்.

அம்மாவின் அண்ணன் தோபியாஸ் மாமா மட்டும் நேரே வந்துவிடுவார்.

"என்ன மச்சான், இன்னைக்கும் மரியாதை பலமா இருந்துச்சு போல? தலையத் தூக்கி வணக்கம் சொல்லிட்டுல்ல போச்சு!"

"விசை கனமா இருக்கு," என்றார் அப்பா. "நான் இழுக்கறதுக்குள்ள அது போயிடுது."

"ஆமாமா. நீ வர்றத யாரோ மணியடிச்சுச் சொல்லிடறாங்க."

"என்னது?"

"காப்பி இருக்கான்னு கேட்டேன்."

விஷயம் என்னவென்றால், மாமா மார்ச் மாதத்தில் ஒருமுறை வேட்டையில் அப்பாவோடு ஒட்டி, துப்பாக்கிப் பூட்டுக்குப் பக்கத்திலேயே காது இருக்கும்படி படுத்திருந்தார். அப்பா பூட்டைத் திறந்தபோது 'டக்' என்றது. கரண்டிக் காம்பு நீளமாக நீளமாக அந்த டக்கும் பெருத்துப்போயிருந்தது. காற்றில்லாத நாளில் பனிமேல் அது எவ்வளவு தூரம் போகும் என்று சீலுக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும். நாற்பது வருஷமாகக் காதோரம் துப்பாக்கி வெடித்து வெடித்து அப்பாவுக்கு மட்டும் அது கேட்கவில்லை. மாமா அத்தையிடம் சொன்னார். அத்தை அம்மாவிடம் சொன்னாள். அம்மா யாரிடமும் சொல்லவில்லை, நான் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தேன். மறுநாள் ஊருக்கே தெரிந்திருந்தது.

அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு வேட்டைக்காரனிடம் உன் வேட்டையில் இது தப்பு என்று சொல்வது எங்களிடம் இல்லை. நாயைத் திருடினால்கூடப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். கிண்டல் பண்ணலாம். கிண்டலுக்குள் விஷயத்தை வைத்து நீட்டலாம். எடுத்துக்கொள்வது அவன் பாடு. மாமாவின் மணியை அப்பா எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்பா மேசையில் குனிந்திருந்தபோது பின்னால் போய் இரண்டு கரண்டிகளைத் தட்டினேன். அசையவில்லை. வலது காதுப் பக்கம் தட்டினேன். இடது பக்கம். கழுத்துக்குப் பின்னால் நாக்கால் டக் டக் என்று ஒரு பாட்டே வாசித்தேன். அவர் விசைக்குள்ளிருந்த ஸ்பிரிங்கைக் கழற்றித் தீப்பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு, என் பேனாவிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்துப் பொருத்திக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் மாட்டிக்கொள்ளாத விளையாட்டு அது ஒன்றுதான். சிரிப்பு வரவில்லை. கரண்டிகளைக் கழுவி வைத்தேன். அவை சுத்தமாகத்தான் இருந்தன.

ஞாயிறுக்கு ஆறு நாள் இருந்தது. திங்கள் மத்தியானம் அம்மா சோபாவில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா வழக்கம்போல் தோட்டாக்களை எண்ணி ஒரு கோப்பையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, வெறும் துப்பாக்கியோடு பழகிப்பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே தூரத்துப் பனிமலையைக் குறிவைப்பார், பூட்டைத் திறப்பார், விசையை இழுப்பார்.

நான் செய்தது இவ்வளவுதான்: அவருடைய நாற்காலியை இரண்டு முழம் தள்ளிப் போட்டேன்.

"ஏன்?" என்றார்.

"இங்கேருந்து வெளிச்சம் கண்ணுல படாது."

இங்கேயிருந்து சோபாவும் தெரியும்.

அப்பா குறிவைத்தார். டக். அம்மா தலையைத் தூக்கினாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், படுத்தாள்.

அப்பா விசையை இழுத்துவிட்டு மறுபடி தொடங்கினார். டக். அம்மா தலையைத் தூக்கினாள். இடது, வலது. படுத்தாள்.

மூன்றாவது தடவை அப்பா குறிவைக்கவில்லை. துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவையே பார்த்தபடி, காம்பை மட்டும் தள்ளினார். அம்மா தலையைத் தூக்கினாள்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். எங்கள் கூரையும் ரொம்ப உயரமில்லை.

"எத்தன நாளா?"

"எது?"

"இது."

"மார்ச்சிலேருந்து. எனக்குத் தெரிஞ்சு."

"ஊர்ல யாருக்கெல்லாம் தெரியும்?"

"எழுபது பேருக்கு."

அப்பா தலையை ஆட்டினார். அதற்குள் அம்மா முழுசாக எழுந்துவிட்டாள். "என்ன ரெண்டு பேரும் என்னையே பாத்துட்டிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. தூங்கு," என்றார் அப்பா. "நீ தூங்கினாத்தான் வேலை ஆகும்."

விஷயம் தெரிந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "நான் என்ன சீலா?" அப்பா பதில் சொல்லவில்லை. அது அவருக்குக் கேட்டதா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

அன்றைக்கே பூட்டின் அடியில் மயிர் நீக்கிய மெல்லிய தோலை வெட்டி ஒட்டினார். உரசும் இடமெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கினார். சாயங்காலம் அம்மா மறுபடி படுத்தாள். கொஞ்சம் முறைப்போடுதான், ஆனால் நிஜமாகவே தூங்கிவிட்டாள். ஏழு தடவை காம்பைத் தள்ளினார். அம்மா குறட்டை விட்டாள். அப்பா என் பக்கம் திரும்பி இரண்டு புருவத்தையும் தூக்கினார். எங்களிடம் அது 'ஆமாம்' என்று அர்த்தம். அவர் விஷயத்தில் அது கைதட்டல்.

செவ்வாய்க்கிழமை வெயில். நானும் அம்மாவும் ஜன்னலில். அம்மா கையில் பைனாகுலர், என் கையில் பக்கத்து வீட்டு பைனாகுலர். தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி படுத்திருந்தது. வெள்ளைத் திரை அதை நோக்கி நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. பாதி தூரம்கூடப் போகவில்லை. குட்டி வண்டி ஒரு பனி மேட்டில் ஏறி இறங்கியது.

திரை அப்படியே மடிந்து அப்பாமேல் விழுந்தது. அதற்கப்புறம்தான் வெடிச் சத்தம் வந்து சேர்ந்தது.

கறுப்புப் புள்ளி போய்விட்டது. அதை யாரும் பார்க்கவில்லை. வெள்ளைத் துணி பனிமேல் தட்டையாகக் கிடந்தது. அம்மா பைனாகுலரை ஜன்னல் கண்ணாடியோடு அழுத்திப் பிடித்திருந்தாள். நான் பதினாலு எண்ணினேன். பிறகு துணி அசைந்தது. ஒரு கை வந்தது. அப்புறம் அப்பா எழுந்து உட்கார்ந்து, திரையின் முன்குச்சி பிளந்துகிடந்ததை எடுத்துப் பார்த்தார். தோட்டா அதைத்தான் அடித்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "பூட்டியிருக்குன்னு நெனச்சேன்."

"நெனச்சே," என்றாள் அம்மா.

"முன்னல்லாம் கட்டைவிரலுக்குத் தெரியும். ஒரு உதை இருக்கும். அது கேக்காட்டியும் தெரியும். இப்ப உதையும் இல்ல."

டக்கோடு அதுவும் போய்விட்டது. வெண்ணெயில் கத்தி போல அந்தக் காம்பு இந்தப்பக்கமும் போகும், அந்தப்பக்கமும் போகும். எந்தப்பக்கம் இருக்கிறது என்று சீலுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. விசையில் என் பேனா ஸ்பிரிங் வேறு. தும்மினால் வெடிக்கும்.

அம்மா கையை நீட்டினாள். அப்பா துப்பாக்கியின் தாழை, கதவுத் தாழ்ப்பாள் மாதிரி இழுத்துத் தள்ளுவோமே அந்த இரும்பை, உருவி அவள் கையில் வைத்தார். அது இல்லாமல் துப்பாக்கி ஒரு குழாய்தான். அம்மா அதை மாவு டப்பாவுக்குள் புதைத்து மூடினாள்.

சாயங்காலம் மாமா வந்தார். அன்றைக்குக் கிண்டல் இல்லை. அதுவே பயமாக இருந்தது. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

"மச்சான், என் கொட்டகைல ரெண்டு சீல் இருக்கு. ஒண்ண ராத்திரியே கொண்டாந்து போட்டுடறேன். பிள்ளைக்கு விசேஷம். யாருக்கும் தெரியாது."

"ராத்திரியா? சூரியன் எங்க போகப்போவுது இந்த மாசம்?" என்றார் அப்பா.

மாமா ஜன்னல் வெயிலைப் பார்த்தார்; மே மாதம் எங்களுக்குச் சூரியன் மறைவதே இல்லை. "அது சரி," என்றார்.

"இவாலுவுக்குத் தெரியும்," என்றார் அப்பா. நான்தான் இவாலு. "அவ திங்கணும்ல."

நான் தின்றிருப்பேன். எனக்குக் கறி யார் அடித்தது என்பதில் ஒன்றுமில்லை, எனக்குப் பிடித்தது கேக். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா தீப்பெட்டியிலிருந்து பழைய ஸ்பிரிங்கை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

மாமா போனதும் அப்பா பேனா ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுப் பழையதை மாட்டினார். "கனமாவே இருக்கட்டும். கையுறைக்குள்ள விரல் குருடு. அதுக்குக் கனம்தான் கண்ணு." பேனா ஸ்பிரிங்கை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். வளைந்திருந்தது.

அம்மா அடுப்புப் பக்கமிருந்து பேசினாள், முதுகைக் காட்டிக்கொண்டு, ஆனால் அவருக்குக் கேட்கிற சத்தத்தில். "டப்பாவத் திறக்கணும்னா ஒண்ணு செய். அது பூட்டியிருக்கா திறந்திருக்கான்னு நான் இங்கேருந்து பாத்துச் சொல்லணும். அடுப்படியிலேருந்து. கண்ணாடி போடாம."

அப்பா கொட்டகைக்குப் போய் ஒரு கலைமான் கொம்புத் துண்டோடு வந்தார்.

புதன்கிழமை முழுக்க அதைச் சீவினார். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குச்சி. அதைக் காம்போடு சேர்த்துப் பொருத்தியபோதுதான் அவர் மனசில் இருந்தது எனக்குப் புரிந்தது. பூட்டியிருந்தால் குச்சி நட்டுக்கொண்டு நிற்கும், குறிபார்க்கிற கண்ணாடிக்கு நேர் முன்னால். எதைப் பார்த்தாலும் நடுவில் குச்சிதான் தெரியும். பூட்டைத் திறந்தால் குச்சி படுத்துவிடும், பார்வை விடுபடும். கேட்க வேண்டியதில்லை, விரலால் தடவ வேண்டியதில்லை. சீல் தெரிந்தால் திறந்திருக்கிறது. குச்சி தெரிந்தால் பூட்டியிருக்கிறது. கண் அப்பாவுக்கு இன்னும் பருந்துக் கண்தான்.

"வெள்ளையா இருக்கு. பனியில தெரியாது," என்றேன்.

"கறுப்படிக்கவா?"

உறுதிபூசுதலுக்கென்று டவுனிலிருந்து வரவழைத்த சிவப்பு நகப்பூச்சு என்னிடம் இருந்தது. அரை பாட்டில் போனது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு இடது கை நகங்கள் மட்டும்தான் சிவப்பு.

அம்மா அடுப்படியில் நின்று பரீட்சை வைத்தாள். அப்பா காம்பைத் தள்ளுவார், அவள் திரும்பிப் பார்ப்பாள்.

"பூட்டு."

மறுபடி.

"திறப்பு."

மறுபடி.

"திறப்புதான். ஏமாத்தாத, நீ தள்ளவே இல்ல."

இருபது தடவை. பிறகு மாவு டப்பாவைத் திறந்தாள். தாழ், பொரிக்கத் தயாரான கருவாடு போல, வெள்ளையாக வந்தது. அப்பா அதை மறுபடி பெட்ரோலில் கழுவினார்.

வியாழக்கிழமை எந்த ஜன்னலிலும் யாரும் வேறெதையும் பார்க்கவில்லை. திரைக்குப் புதுக் குச்சி. கறுப்புப் புள்ளி தலையைத் தூக்கியது, வெள்ளைப் புள்ளி நின்றது. தலை சாய்ந்தது, வெள்ளை நகர்ந்தது. இப்படி ஒரு மணி நேரம். கல்லெறி தூரம் வந்ததும் வெள்ளை நின்றுவிட்டது. கறுப்பு தூக்கிப் பார்த்தது. இடது, வலது. படுத்தது. இந்த இடத்தில்தான் ஆறு தடவையும் போனது.

அம்மா மூச்சை விடவில்லை. நானும் விடவில்லை. கறுப்பு படுத்தே இருந்தது.

வெள்ளைத் திரை லேசாக ஆடியது. பிறகு சத்தம் வந்தது. கறுப்பு அங்கேயே இருந்தது. திரை ஒரு பக்கம் தள்ளப்பட்டு, ஒரு ஆள் ஓடினார். ஐம்பத்திரண்டு வயது ஆள் ஓடுகிற மாதிரியே இல்லை.

அம்மா பைனாகுலரை மாட்டிவிட்டு, "கறிக்குப் பெரிய பானை வேணும்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். ஜலதோஷம் என்றாள். எனக்கும் அன்றைக்கு ஜலதோஷம்.

ஞாயிற்றுக்கிழமை சிவப்புத் தோல் பூட்ஸ் காலைக் கடிக்க, பாசிமணி கோத்த கழுத்துப்பட்டை தோளை அழுத்த, பாதிரியார் கேட்டதற்கெல்லாம் ஆமாம் சொன்னேன். வீட்டில் காப்பி, ஏழு கேக், நடுவில் பானை. ஊரின் கிழட்டு வேட்டைக்காரர்கள் எல்லாம் முதல் கூட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வேட்டையைப் பற்றி அப்பா இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எல்லாரும் சொல்வது: படுத்திருந்தது, போனேன், சுட்டேன். அப்பா எழுந்தார். மேசை அமைதியானது.

"எனக்குக் காது கேக்கறதில்ல," என்றார். "துப்பாக்கிப் பூட்டு சத்தம் போட்டது எனக்குத் தெரியல. சீலுக்குத் தெரிஞ்சுது. உங்க எல்லாருக்கும் தெரிஞ்சுது. இப்ப சரிபண்ணிட்டேன். சாப்பிடுங்க."

உட்கார்ந்தார். ஒரு வேட்டைக்காரன் தன் குறையைத் தானே இப்படிச் சபையில் வைத்து நாங்கள் பார்த்ததில்லை. யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்த அமைதியில் தோபியாஸ் மாமா அத்தை பக்கம் சாய்ந்தார்.

"என்ன சொன்னான்?"

அவருக்கு எதிரில் இருந்தவர் கையைக் காதில் குவித்தார். "என்னவாம்?"

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், "சாப்பிடச் சொன்னாரு," என்றார். "மத்தது எனக்கும் சரியாக் கேக்கல."

முதலில் சிரித்தது அம்மா. அதற்கப்புறம் பெண்கள் வரிசை முழுக்க. அவர்களுக்கு மட்டும்தான் எல்லாம் கேட்டிருந்தது.

திங்கட்கிழமை காலை மாமா வந்தார், கையில் துணி சுற்றிய ஒரு நீள மூட்டையோடு. அதை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"இது என்னுதில்ல. ஒரு சிநேகிதன் கேட்டான். அந்தக் குச்சி வேணுமாம்."

அப்பா துணியைப் பிரித்தார். எங்கள் எல்லாருக்கும் தெரிந்த மாமாவின் துப்பாக்கி. அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அறை அதிரும்படி கேட்டார்:

"சிநேகிதனுக்கு வலது காதா, இடது காதா?"

மாமா ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டும்," என்றார்.